எதைக் கொடுத்தாலும்

வாயை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொன்னார் டாக்டர் ரெஜினா. திறந்தேன். இதற்கு மேல் திறக்காது என்று சொல்லவும் வாய்தான் வேண்டும், அது இப்போது அவர் வசம் இருக்கிறது. கீழ்வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல். வேர்ச் சிகிச்சையில் இன்று இரண்டாவது தடவை. ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகிறது. கீழ் உதட்டின் பாதி யாருடையதோ போலத் தொங்குகிறது, நாக்கின் ஓரம் நனைந்த அட்டை. எச்சிலை உறிஞ்சும் குழாயைப் புஷ்பம் சிஸ்டர் கன்னத்தின் உட்பக்கம் மாட்டிவிட்டிருக்கிறார், அது கரகரவென்று காற்றைக் குடிக்கிறது. விளக்குக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம். இரண்டு ஐம்பது. நான்கு மணிக்குள் ஆபீசிலிருந்து அறிக்கை போக வேண்டும். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்" என்று போன வாரம் சொன்னதையே இன்றும் சொன்னார். போன வாரம் தூக்கினேன். அது வலியில்லைங்க, வெறும் பிரஷர் என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்தார். எனக்கு வலித்ததா இல்லையா என்பதை அவர் முடிவு செய்தார். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, இன்று மறுபடி நேரம் வாங்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. திறந்த வாய்க்குள் ஊசி, குழாய், பஞ்சு, கம்பி, அடுத்தவர் விரல் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. கோகுல் பார்த்தால் சந்தோஷப்படுவார். அவர் கனவு காணும் ஃபங்ஷன் இதுதான்.

கோகுல், கோகுலநாதன், எங்கள் லைப்ரரிக்குத் தலைவர். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி, மற்ற கம்பெனிகள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்ளும் லைப்ரரி. இயந்திரம் ஒன்று நின்றாலோ, சூடு ஏறினாலோ, தண்ணீர் குறைந்தாலோ சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் அதற்குக் கூவி என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்தது நான். கூவியில் முக்கியமான ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் நிரல்துண்டு, ஒன்று உண்டு, அதற்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆர்கியுமென்ட், யாரைக் கூப்பிடுவது என்பது. சிலர் ஒரே பெயரைக் கொடுப்பார்கள், சிலர் நான்கு பெயர் கொண்ட பட்டியலை. இன்னும் சிலர் இன்றைக்கு யார் முறை என்று பார்த்துச் சொல்லும் இன்னொரு ஃபங்ஷனையே தூக்கிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டும், கொடுத்தவரை முகம் சுளிக்க வைக்கக் கூடாது. ஈரோட்டில் கால்நடைத் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்கிடங்கு ஒன்று கூவியைப் பயன்படுத்துகிறது. அங்கே நிரல் எழுதும் பெண் பிரதீபா, இருபத்து நான்கு வயது, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு, மாதேஷ். ஆகவே அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாதேஷ் என்று ஒற்றைப் பெயரை எழுதினாள். போன ஞாயிறு மதியம் மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, கிடங்குக்குள் சூடு ஏறியது, ஏறியதைக் கருவி பார்த்துச் சொன்னது, கூவி கூப்பிட்டது. மாதேஷை அல்ல. மாதேஷ் இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு. பிறகு போனில் பிரதீபாதான் இதைச் சொன்னாள். பக்கத்திலேயே வெச்சிருந்தாராம் மேடம், சார்ஜ் போட்டு வெச்சிருந்தாராம். கோமாரி தடுப்பூசி பத்தாயிரம் டோசுக்கு மேல் வீணாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் மழைக்கு முன்னால் மாட்டுக்கு அந்த ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், எனக்கு மாடும் தெரியாது ஊரும் தெரியாது. குளம்பு வெடித்து வாயெல்லாம் புண்ணாகி எச்சில் ஒழுக நிற்கும். வாய். என் எச்சில் கழுத்துப் பக்கம் வழிகிறது, சிஸ்டர் துடைக்கிறார், துடைத்தது எனக்குத் தெரியவில்லை, துண்டின் அசைவு கண்ணில் பட்டதால் தெரிந்தது.

கூவி யாரைக் கூப்பிட்டது. மாதேஷ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து. எம் என்ற ஆளைக் கூப்பிட்டது. பிறகு ஏ என்ற ஆளை, டி என்ற ஆளை, ஈ, எஸ், எச். அப்படி யாரும் பதிவில் இல்லை. இல்லாத ஆள் என்றால் சத்தம் போடாமல் அடுத்த ஆளுக்குப் போய்விடு என்று நாங்கள்தான் சொல்லி வைத்திருக்கிறோம், வேலையை விட்டுப் போனவர்கள் பெயர் பட்டியலில் கிடக்கும், அதற்காக மற்றவர்களுக்கு அழைப்பு நிற்கக் கூடாது என்று. ஆறு பேரைத் தேடியது, ஆறு பேரும் இல்லை, வேலை முடிந்தது என்று குறித்துக்கொண்டது. தவறு எதுவும் நடக்கவில்லை. பைத்தானில் ஒரு சொல் என்பதே எழுத்துகளின் வரிசைதான், அந்த ஒவ்வொரு எழுத்தும் மறுபடி ஒரு சொல்லாகத்தான் கருதப்படும். பட்டியல் எதிர்பார்க்கும் இடத்தில் ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அது தன்னையே பட்டியலாகப் பிய்த்துக் கொடுத்துவிடும். இந்தத் தொழிலில் இரண்டு வருடம் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் விழுந்திருப்பார்கள், விழுந்து எழுந்து சிரித்திருப்பார்கள். டைப் ஹின்ட் எதற்காக இருக்கிறது, இதற்காகத்தானே. இந்த இடத்தில் இன்ன வகைப் பொருள் வரும் என்று ஆர்கியுமென்டுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்பு. பைத்தான் ஓடும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஓடுவதற்கு முன்னால் செக்கர் என்று தனியாக ஒன்று வந்து, குறிப்பு சொல்வதும் கொடுக்கப்பட்டதும் பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தாவிட்டால் சிவப்புக் கோடு போடும். குறிப்பில் 'சொற்களின் வரிசை' என்று எழுதியிருந்தது. பிரதீபா ஒரு சொல்லைக் கொடுத்தாள். ஒரு சொல்லும் சொற்களின் வரிசைதான். பொருந்துகிறது என்று செக்கர் பச்சை காட்டியது. செவ்வாய்க்கிழமை காலையில் எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். நான் குறிப்பைப் படிச்சேன் மேடம் என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "செக்கர் ஓட்டிப் பார்த்தேன் மேடம். ரெண்டு தடவை. பச்சையாத்தான் வந்துச்சு." அந்த இரண்டு தடவையை என்னால் தாங்க முடியவில்லை. யார் இந்தக் காலத்தில் இரண்டு தடவை ஓட்டுகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு தடவை ஓட்டச் சொன்னாலே முனகுகிறார்கள். அவள் எங்கள் குறிப்பைப் படித்தாள், நம்பினாள், சரிபார்த்தாள், மறுபடி சரிபார்த்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தவள் மீது இன்று நான்கு மணிக்கு எழுதப்போகிறோம், ஃபங்ஷனை அழைத்தவர் தவறான முறையில் பயன்படுத்தியதே காரணம் என்று. அந்த ஒரு வரி ஈரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவளை அனுப்பிவிடுவார்கள். அவள் மேலாளர் சொல்லிவிட்டாராம், அறிக்கை வரட்டும் பார்க்கலாம் என்று. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

"உங்க ஆபீஸ் சரவணம்பட்டி பக்கமா?" என்று டாக்டர் கேட்கிறார். வாய்க்குள் இரண்டு கை இருக்கும்போது கேட்கிறார். தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. அங்கதான் இருக்கும், எல்லா கம்ப்யூட்டர் ஆபீசும் அங்கதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, புது வீட்டுக் குளியலறைக்கு வந்த டைல்ஸ் கேட்ட நிறத்தில் இல்லை என்றார். கடைக்காரன் என்னங் டாக்டர் சொல்றான் என்றார் சிஸ்டர். இதுவும் நீலந்தான், வெயில்ல வெச்சுப் பாருங்கங்கறான். குளியலறைக்குள்ள வெயிலுக்கு எங்கங் போறது என்றார் சிஸ்டர். இரண்டு பேரும் சிரித்தார்கள், கம்பி என் பல்லுக்குள் இருக்கிறது, சிரிப்பு கம்பி வழியாகத் தாடைக்குள் இறங்கியது. கடைக்காரன் கோகுல் மாதிரி. நீலம் என்று சீட்டில் எழுதியிருக்கிறது, இதுவும் நீலம், ஆகவே பொருந்துகிறது. நான் நீலம் என்று எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலில் அந்தக் குறிப்பை எழுதியவள் நான், நான்கு வடிவம் எழுதினேன். ஒற்றைப் பெயர் வந்தால் இப்படி, பட்டியல் வந்தால் இப்படி, குழு வந்தால், ஃபங்ஷன் வந்தால். எழுதும்போதே செக்கர் முறைத்தது, உன் முதல் வடிவமும் இரண்டாவது வடிவமும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, ஒற்றைச் சொல் இரண்டிலும் நுழையும் என்று. மூன்று நாள் அதோடு உட்கார்ந்தேன். 'வரிசை' என்று அகலமாகச் சொல்லாமல் பட்டியல் என்று குறுக்கினேன், ஒற்றைச் சொல் நழுவி உள்ளே வராதபடி. ஓடும்போதும் ஒரு காவல் வைத்தேன், சொல் தனியாக வந்தால் அதை ஒரே ஆளாக எடுத்துக்கொள் என்று. அழகாக இல்லை, நீளமாக இருந்தது, ஆனால் எந்தப் பக்கம் தட்டினாலும் கெட்டியான சத்தம் வந்தது. மதியம் எல்லோரும் கூடும்போது கோகுல் அதைச் சுவர்த் திரையில் போட்டுப் பத்திரம் வாசிப்பது போல இழுத்து இழுத்து வாசித்தார். வல்லி மேடம் கிரயப் பத்திரம் எழுதியிருக்காங்க, சாட்சிக் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி என்றார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் துப்ப முடியவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிகிறது. கெட்டவர் என்றால் கோபத்தை அவர் மேல் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கோகுலுக்குக் காரணம் இருந்தது. இரண்டு வாடிக்கையாளர் தங்கள் சொந்த வகைப் பட்டியலைச் செய்து வைத்திருந்தார்கள், என் குறுகலான குறிப்பு அவர்கள் நிரல் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டது, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் திட்டுகிறது என்று கடிதம் எழுதினார்கள். கோகுலுக்குச் சிவப்புக் கோடு என்றால் அவமானம், விருந்தாளியை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது போல. "கொடுக்கறவனை நம்பணுங்க. நாம என்ன செக்போஸ்ட்டா வெச்சிருக்கோம்?" என்றார். என் நான்கு வடிவத்தையும் அழித்தார். ஓடும்போது வைத்த காவலையும் அழித்தார். ஒரே வரி. சொற்களின் வரிசை, எந்த வரிசையானாலும் சரி, அதைத் தரும் ஃபங்ஷனானாலும் சரி. ஒருத்தரைக் கூப்பிடணும்னா ஒருத்தர் இருக்கற பட்டியலாக் கொடுக்கட்டும், அதுகூடவா தெரியாது. எத்தனை சுத்தமா இருக்கு பாருங்க. இருந்தது. யாருக்கும் சிவப்புக் கோடு வரவில்லை. எல்லோருக்கும் பச்சை. எதைக் கொடுத்தாலும் வாங்குகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம். எதைக் கொடுத்தாலும் வாங்குவது தாராளம் இல்லை, கவனிக்காமல் இருப்பது. அவனவன் கொடுத்ததை வாங்கி, என்ன கொடுத்தான் என்று பார்க்காமல், பார்த்தாயா எவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டேன் என்று. வீட்டிலும் இதேதான், ஓட்டலில் உட்கார்ந்தால் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சொல்வார்கள், கடைசியில் என் பக்கம் திரும்புவார்கள், என் வீட்டுக்காரர் எனக்காகச் சொல்லிவிடுவார், அவளுக்கு எதுன்னாலும் சரி. சர்வர் மிச்சம் இருப்பதைக் கொண்டுவந்து வைப்பான். சாப்பிட்டிருக்கிறேன். இருபது வருடம். இந்தப் பல்லும் அப்படித்தான் கெட்டிருக்கும்.

வலித்தது. பிரஷர் இல்லை, வலி, காதுக்குக் கீழே ஒரு கம்பியைச் சுண்டி இழுத்தது போல. இடது கையைத் தூக்கினேன். "ஒண்ணுமில்லைங்க, வேரோட கால்வாய் அடி வரைக்கும் போறேன், அதான்" என்றார் டாக்டர். கை மேலே நிற்கிறது, அவர் கை நிற்கவில்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்து மெதுவாக வயிற்றின் மேல் வைத்தார், குழந்தையைப் படுக்க வைப்பது போல, இன்னும் கொஞ்சம்தானுங்க்கா என்றார். அந்த அம்மாளின் கை சூடாக இருந்தது, அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. கோபத்தை எங்கே வைப்பது. தூக்கினால் நிறுத்துகிறேன் என்று சொன்னது யார். சொன்னதைச் செய்யாவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்திருந்தால் நான் என் ஜாக்கிரதையில் இருந்திருப்பேன், நாற்காலியின் பிடியைப் பிடித்திருப்பேன், பல்லைக் கடித்திருப்பேன், பல்லைக் கடிக்க முடியாதுதான். குறிப்பே எழுதாமல் விட்டிருந்தால் பிரதீபா பயந்திருப்பாள். பயந்து ஒரு முறை உண்மையாக ஓட விட்டு, மாதேஷின் போன் அடிக்கிறதா என்று பார்த்திருப்பாள். எழுதியிருந்ததால் பார்க்கவில்லை. பொய்யான குறிப்பைவிட வெற்றிடம் மேல். வெற்றிடத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் கேட்டேன். அதை இதுவரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் எந்த மாற்றமும் இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகாது, எழுதியவர் ஒருவர், படித்துப் பார்த்தவர் ஒருவர். கோகுல் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்க வேண்டியவள் நான். ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து பன்னிரண்டுக்கு, அந்த வரிக்குக் கீழே ஒரு கேள்வி எழுதினேன், ஒற்றைப் பெயர் தனியாக வந்தால் என்ன ஆகும் என்று. கோகுல் பதில் எழுதவில்லை. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுத் தீர்ந்தது என்று குறித்து மூடினார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம், நேற்றிலிருந்து பதினைந்து தடவை திறந்து பார்த்துவிட்டேன். எடுத்துக் காட்டினால் போதும், நான் அன்றைக்கே கேட்டேன், என் மேல் ஒன்றும் இல்லை. நேற்று அதைப் பார்த்து உள்ளுக்குள் துள்ளினேன் என்பது உண்மை. கேள்விக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. ஐந்து பத்தொன்பது. வல்லி ஒப்புதல் அளித்தார். ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். காபி குடித்திருக்கலாம். பத்திரம் என்றால் மறுபடி சிரிப்பார்களே என்று நினைத்திருக்கலாம். கோகுல் என் மேசைப் பக்கம் வந்து, என்ன வல்லி பார்த்தாச்சா, கிளம்பலாமா என்று கேட்டிருக்கலாம், நான் ம் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் நினைவில்லை. பெரிய காரணம் எதுவும் இருந்திருந்தால் நினைவிருக்கும். கேள்வி கேட்டவளுக்குப் பதில் தெரிந்திருக்கிறது, தெரிந்தே பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கோகுலுக்காவது தெரியாது என்று சொல்லலாம், தாராளம் என்று நினைத்தார். நான் என்ன நினைத்தேன். இந்த அறிக்கையில் என் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று இப்போது நினைக்கிறேன், நாற்பத்து மூன்று வயதில், அடுத்த மாதம் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு இருக்கும்போது, மகள் பிளஸ் டூ போகும் வருடத்தில். அது பயம்தான். இருபத்து நான்கு வயதில் பிரதீபாவுக்கு வேறு வேலை கிடைக்காதா என்றும் ஒரு நினைப்பு வந்து போனது. வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

போன் அடித்தது. ஓரத்து ஸ்டூலில் என் பைக்குள். சிஸ்டர் எடுத்துப் பார்த்து, கோகுல் ஆபீஸ்னு வருதுங்க்கா என்றார். கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. பாவம், அவசரமா இருக்கும், ஸ்பீக்கர்ல போட்டுக் காதுகிட்ட வைங்க என்றார் டாக்டர். அவருக்கு எல்லோர் மேலும் இரக்கம். கோகுலின் குரல் பல் டாக்டர் அறை முழுவதும் நிரம்பியது, இதமாக, கொஞ்சம் சிரிப்போடு. பேச வேண்டாம் வல்லி, சிரமப்படாதீங்க என்றார். அறிக்கை தயார், அவர் ஒப்புதல் போட்டாயிற்று, இரண்டாவது ஒப்புதல் மட்டும் பாக்கி, பொத்தான் அலுவலக நெட்வொர்க்கில்தான் வேலை செய்யும், என் கம்ப்யூட்டர் திறந்தேதான் இருக்கிறது, அவரே என் பெயரில் அழுத்திவிடுவார். "ம்-னு ஒரு சத்தம் குடுங்க, போதும்." நான் சத்தம் கொடுக்கவில்லை. குழாய் கரகரவென்றது. சிறிது நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "சரி, சரின்னு எடுத்துக்கறேன்." இடது கையைத் தூக்கினேன். டாக்டர் பார்த்தார். முடியப்போகுது, ரெண்டே நிமிஷம் என்றார். நான் இறக்கவில்லை. சிஸ்டர் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார், விறைத்துக்கொண்டேன், அந்த அம்மாளின் விரல் நழுவியது. வலது கையால் எச்சில் குழாயைப் பிடுங்கினேன். டாக்டர் கையை எடுத்தார். முதல் தடவையாக எடுத்தார். இல்லை என்றேன். நாக்கு புரளவில்லை, ஏதோ ஈரமான சத்தம் வந்தது. என்னங்க வல்லி என்றார் கோகுல், சிரித்தபடியே. மறுபடி சொன்னேன். இணைப்பு சரியில்லையோ என்றார். மூன்றாவது தடவை வாய்க்கு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், என் பேரைப் போடாதீங்க கோகுல். புரிந்தது. சிரிப்பு நின்றது. "அந்தப் பொண்ணு தப்பாக் குடுத்துச்சு வல்லி. பட்டியலாத்தானே குடுக்கணும்." நாம பச்சை காட்டினோம் என்றேன், ரெண்டு தடவை காட்டினோம். பிறகு அந்த ஒரு வரிக்கு ஒப்புதல் என்னோடது என்றேன். அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பேசலாம் என்றார், நான்கு மணிக்குள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். டாக்டரும் சிஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறங்க என்று டாக்டர் சொன்னார். இந்த முறை, திறக்கறீங்களா என்று கேட்பது போல இருந்தது.

பல்லுக்குள் வெள்ளையாக எதையோ வைத்து அடைத்து, மேலே பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். பத்து நிமிடம் கடித்தபடியே உட்கார வேண்டும், பேசக் கூடாது. உதடும் மரத்திருக்கு, பார்த்துக் கடிங்க, கடிச்சாலும் தெரியாது என்றார். நாற்காலியை நிமிர்த்தினார்கள். மூன்று நாற்பத்தாறு. போனை வாங்கினேன். வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார், பன்னிரண்டு பேரில் ஒருவர் ம் சொல்லிவிடுவார், எனக்குத் தெரியாதா, நானே சொன்னவள்தானே. கட்டைவிரலால் ஈரோட்டுக் கம்பெனியின் மேலாளருக்கு நேராக எழுதினேன், பிரதீபாவுக்கும் கோகுலுக்கும் நகல் வைத்து. ஒற்றைப் பெயர் தனியாக வரக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதை அனுமதிக்கும் விதத்தில் குறிப்பை எழுதி வெளியிட்டோம். பிரதீபா எங்கள் குறிப்பைப் படித்து, அது சொன்னபடிதான் அழைத்தார். சரிபார்த்தும் இருக்கிறார். அதைத் தடுக்கும் காவல் முன்பு இருந்தது, நீக்கினோம். இப்படிக்கு, அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தவள், மரகதவல்லி. கீழே அந்தக் கேள்வி இருக்கும் பக்கத்தின் படத்தை ஒட்டினேன். முதலில் கேள்வி மட்டும் தெரியும்படி வெட்டினேன். அது கைப்பழக்கத்தில் செய்ததா, வேறேதாவதா. பார்த்துக்கொண்டே இருந்தேன். அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன், ஐந்து பன்னிரண்டும் ஐந்து பத்தொன்பதும் சேர்ந்து தெரியும்படி. ஒரு பிழை இருக்கிறதா என்று படித்தேன், இரண்டாவது தடவையும் படித்தேன். அனுப்பினேன். கோபம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை, அது உட்காரும் இடம் மட்டும் மாறியிருந்தது. மூன்று ஐம்பத்து நான்குக்குக் கோகுலின் பெயர் திரையில் வந்தது, அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

சிஸ்டர் வந்து பஞ்சை எடுத்தார், எடுத்ததும் நின்றார். ஐயோ, ஏனுங்க்கா இது என்றார். கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். கீழ் உதட்டின் உட்பக்கம் பல் பதிந்து கிழிந்திருந்தது, முகவாய் வரை ரத்தம் வழிந்து பாதி உறைந்திருந்தது. புடவையில் இரண்டு சொட்டு. டாக்டர் வெளிச்சத்தைத் திருப்பிக் குனிந்து பார்த்தார், எப்பக் கடிச்சீங்க என்று கேட்டார். தெரியவில்லை என்று தலையசைத்தேன். கொஞ்சம்கூட வலிக்கலையா. இல்லை. மருந்து தடவிவிட்டு, மரப்பு இறங்க ஆறு மணி ஆகும் என்றார். அதற்கப்புறம்தான் வலிக்க ஆரம்பிக்கும்.